கலிபோர்னியாவின் மாநில, உள்ளூர்த் தேர்தல் முடிவுகளையும் ப்ரொபொசிஷன்களையும் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024 மார்ச் 5 அன்று நடந்த ப்ரைமரியில், அதாவது நவம்பர் போட்டிக்கு முதல் இருவரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், சிலிக்கான் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய 16-ஆவது காங்கிரஸ் தொகுதியில் சாம் லிக்கார்டோ முதலிடம் பிடித்தார். இரண்டாம் இடத்தில் ஜோ சிமிட்டியனுக்கு 30,249 வாக்குகள், எவன் லோவுக்கும் அதே 30,249. வாரக்கணக்கில் எண்ணி, சரிபார்த்து, சான்றளித்த பிறகு வந்த எண் அது. மறு எண்ணிக்கை கேட்டு ஒருவர் பணம் கட்டினார். மே மாதத் தொடக்கத்தில்தான் எவன் லோ 5 வாக்குகளில் முந்தினார் என்று தெரிந்தது. தேர்தல் இரவில் டிவியை அணைத்தவர்களுக்கு இந்தக் கதையின் பாதிகூடத் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் நமக்குப் பழகியது வேறு முறை. வாக்குப்பதிவு முடிந்ததும் இயந்திரங்களைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்குத் தொடங்கினால், பெரும்பாலும் மாலைக்குள் யார் ஆட்சி என்று தெரிந்துவிடும். 2021-இல் ஏப்ரல் 6-ஆம் தேதி வாக்களித்துவிட்டு மே 2 வரை காத்திருந்தோம், ஆனால் எண்ணத் தொடங்கிய பிறகு அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கலிபோர்னியாவில் எண்ணிக்கை தேர்தல் இரவில் தொடங்கி வாரக்கணக்கில் ஓடும். அதனால் இங்கே முதல் இரவின் எண்ணைப் பார்த்து வாழ்த்துச் செய்தி அனுப்புவது பல நேரங்களில் அவசரமாகிவிடும்.

குடியுரிமை பெற்று இங்கே வாக்களிக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். எச்1பி விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். உங்கள் வீட்டு வரி, விற்பனை வரி, பிள்ளையின் பள்ளிக் கட்டடம், வாடகை விதி எல்லாம் இந்தத் தேர்தல்களில்தான் முடிவாகின்றன. அதிபர் யார் என்பதைப் பற்றி நாம் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நம் நகரசபைக்குக் கொடுப்பதில்லை. அந்தக் குறை தீர வேண்டும் என்ற ஆசைதான் இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியுரிமை இல்லாதவர்கள் மாநிலத் தேர்தலிலோ கூட்டாட்சித் தேர்தலிலோ வாக்களிக்கக் கூடாது. பதிவு செய்யவும் கூடாது. டி.எம்.வி. எனும் வாகனப் பதிவு அலுவலகத்தில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது கைதவறிப் பதிந்தால்கூடப் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கல் வரும். சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும், 2016-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற ‘ப்ரொபொசிஷன் என்’ (N) என்ற முன்மொழிவின் வழியாக, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதற்கும் முன்பு குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

படி 1: உங்கள் முகவரி எந்தெந்த எல்லைகளுக்குள் வருகிறது என்று பாருங்கள்

மாநிலத்தில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. சட்டமன்றத்தின் கீழவையான அசெம்பிளியில் 80 இடங்கள், செனட்டில் 40. இவற்றுக்குக் கீழே கவுண்டியை ஆளும் வாரிய உறுப்பினரான சூப்பர்வைசரின் தொகுதி, நகரசபைத் தொகுதி, தொடக்கப் பள்ளி மாவட்டம், உயர்நிலைப் பள்ளி மாவட்டம், சமுதாயக் கல்லூரி மாவட்டம், நீர் மாவட்டம் என்று அடுக்கடுக்காக வரும். ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளுக்கு வெவ்வேறு பள்ளி மாவட்டம் இருக்கலாம். ஆகவே நண்பருடைய வாக்குச்சீட்டைப் பார்த்து நம்முடையதும் அப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

பதிவு செய்த வாக்காளர்களுக்கெல்லாம் தேர்தலுக்குச் சுமார் ஒரு மாதம் முன்பே தபாலில் வாக்குச்சீட்டு வந்துவிடும். 2021-இல் இயற்றிய சட்டம் இதை நிரந்தரமாக்கியது. அதோடு இரண்டு கையேடுகள் வரும். ஒன்று தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர் அனுப்புவது, அதில் மாநில ப்ரொபொசிஷன்கள், அதாவது மாநிலம் முழுக்க மக்கள் ஆம், இல்லை என்று வாக்களிக்கும் கேள்விகள், இருக்கும். இன்னொன்று கவுண்டி அனுப்புவது, அதே போன்ற உள்ளூர்க் கேள்விகளான மெஷர்கள் அதில்தான். இந்த இரண்டாவதைத்தான் நம்மில் பலர் பிரிக்காமலே மறுசுழற்சித் தொட்டியில் போடுகிறோம். தேர்தல் முடியும் வரை அதைப் பத்திரமாக வையுங்கள். முடிவுகளைப் படிக்கும்போது அதன் துணை தேவைப்படும்.

மாநில அளவிலான கேள்விகளுக்கு எண் இருக்கும்: ப்ரொபொசிஷன் 13, ப்ரொபொசிஷன் 36. இந்த எண்கள் 1998 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி 1-லிருந்து தொடங்குகின்றன. அதனால் ‘ப்ராப் 8’ என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டு என்று கேட்பது அவசியம். உள்ளூர்க் கேள்விகளுக்கு எழுத்து: மெஷர் ஏ, மெஷர் பி. சான் ஃபிரான்சிஸ்கோ மட்டும் தன் உள்ளூர்க் கேள்விகளையும் ப்ரொபொசிஷன் என்றே அழைத்து எழுத்தைச் சேர்க்கிறது.

படி 2: கேள்வி யாரிடமிருந்து வந்தது, ‘ஆம்’ என்றால் என்ன பொருள்?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியா அரசியல் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் கையில் இருந்தது. அதை உடைப்பேன் என்று சொல்லி ஆளுநரான ஹைரம் ஜான்சன், 1911 அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் மூன்று உரிமைகளை மக்களிடம் கொண்டுவந்தார். மக்களே சட்டம் முன்மொழியலாம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை மக்கள் தடுக்கலாம். பதவியில் இருப்பவரைத் திரும்ப அழைக்கலாம். இன்று வாக்குச்சீட்டு ஐந்தாறு பக்கம் நீள்வதற்கு வேர் அங்கேதான்.

மக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவரும் முன்மொழிவு இனிஷியேட்டிவ். சட்டமாக வர, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காடு அளவுக்குக் கையெழுத்து வேண்டும். அரசியலமைப்பையே திருத்த 8 விழுக்காடு. 2022 தேர்தலை வைத்துக் கணக்கிட்டால் முறையே 5,46,651 மற்றும் 8,74,641 கையெழுத்துகள், அதையும் 180 நாளுக்குள் திரட்ட வேண்டும். கடை வாசலில் அட்டையோடு நின்று ‘ஒரு நிமிடம்’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இதற்காகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள். சட்டமன்றமே அனுப்பும் கேள்விகளும் உண்டு. அரசியலமைப்புத் திருத்தமும் கடன் பத்திரமும் மக்கள் ஒப்புதல் இல்லாமல் நிறைவேறா.

பலர் தடுக்கி விழும் இடம் ரெஃபரெண்டம். ஏற்கெனவே இயற்றிய சட்டத்தைப் பிடிக்காதவர்கள் கையெழுத்து திரட்டி அதை வாக்குக்குக் கொண்டுவருவார்கள். ஆனால் வாக்குச்சீட்டில் ‘ஆம்’ என்றால் சட்டம் நீடிக்கட்டும் என்று பொருள், ‘இல்லை’ என்றால் ரத்தாகட்டும். கையெழுத்து திரட்டியவர்களே ‘இல்லை’ போடச் சொல்லிப் பிரசாரம் செய்வார்கள்! 2022-இல் ப்ரொபொசிஷன் 31 அப்படிப்பட்டது. வாசனை சேர்த்த புகையிலைப் பொருள்களை விற்கத் தடை விதித்த சட்டத்தைப் புகையிலைக் கம்பெனிகள் வாக்குக்கு இழுத்தன, மக்கள் ‘ஆம்’ என்று சொல்லித் தடையைக் காத்தார்கள். 2020-இன் ப்ரொபொசிஷன் 25 இதற்கு நேர்மாறு. ரொக்க ஜாமீனை ஒழிக்கும் சட்டம் மக்கள் ‘இல்லை’ என்றதால் செத்தது, ரொக்க ஜாமீன் பிழைத்தது. ஆகவே முடிவில் ‘தோற்றது’ என்று கண்டால், எது தோற்றது, சட்டமா அதன் எதிர்ப்பா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கையேட்டில் முதலில் எதைப் படிப்பது? மாநிலக் கேள்விகளுக்குச் சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் எழுதும் பகுதியையே நான் முதலில் படிப்பேன். கட்சி சாராமல், பணக் கணக்கோடு எழுதுவார்கள். உள்ளூர் மெஷர்களுக்குக் கவுண்டி அல்லது நகர வழக்கறிஞர் எழுதும் நடுநிலை ஆய்வு இருக்கும். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களில் எழுத்தை விடக் கையொப்பமிட்டவர்கள் யார் என்பதில் அதிகம் தெரியும்.

படி 3: வெல்ல எத்தனை விழுக்காடு வேண்டும்?

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. 60 விழுக்காடு ‘ஆம்’ பெற்ற மெஷர் தோற்றதைக் கண்டு குழம்பிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. குழப்பத்துக்குக் காரணம் ஒரு நீண்ட வரலாறு.

1978 ஜூன் 6 அன்று, ஹவர்ட் ஜார்விஸும் பால் கானும் கொண்டுவந்த ப்ரொபொசிஷன் 13 ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு வென்றது. சொத்து வரியை மதிப்பீட்டில் 1 விழுக்காட்டுக்குள் கட்டியது, மதிப்பீடு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்றது. வீடு கைமாறும்போதுதான் மதிப்பீடு சந்தை விலைக்கு வரும். 1995-இல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் உங்களில் கால் பங்கு வரி கட்டுவது இதனால்தான். அதே ப்ரொபொசிஷன், குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் சொன்னது. 1996-இல் ப்ரொபொசிஷன் 218 இந்த வேலியை இன்னும் இறுக்கியது. 2000-இல் ப்ரொபொசிஷன் 39 பள்ளிக் கடன் பத்திரத்துக்கு மட்டும் வாசலைத் தாழ்த்தி 55 விழுக்காடு ஆக்கியது.

இன்றைய நிலை இது. மாநில ப்ரொபொசிஷன்களுக்குப் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். உள்ளூர்ப் பொது வரி, அதாவது பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகும் வரி, அதற்கும் பாதிக்கு மேல் போதும். நகரசபையோ கவுண்டியோ குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று கொண்டுவரும் சிறப்பு வரிக்கு 66.67 விழுக்காடு. பள்ளிக் கட்டடக் கடன் பத்திரத்துக்கு, தணிக்கைக் குழு போன்ற நிபந்தனைகளோடு, 55. ஆனால் பள்ளிக்கூடம் ஆசிரியர் சம்பளத்துக்குக் கேட்கும் பார்சல் வரிக்கு (ஒவ்வொரு மனைக்கும் போடும் வரி)ப் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு. ஒரே பள்ளி மாவட்டம் ஒரே நாளில் இரண்டு கேள்வி கேட்டு, இரண்டுக்கும் 60 விழுக்காடு வாங்கினால், கட்டடம் வரும், ஆசிரியர் சம்பளம் வராது. இந்த ஏற்பாடு எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

இதற்குள் ஒரு சந்து உண்டு. 2017-இல் அப்லண்ட் நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத் தொடர்ந்து, குடிமக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவரும் சிறப்பு வரிக்குப் பாதிக்கு மேல் போதும் என்று கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கின. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2018 நவம்பரில் வீடற்றோருக்கான நிதிக்காகப் பெரிய நிறுவனங்கள் மேல் வரி போட்ட ப்ரொபொசிஷன் சி சுமார் 61 விழுக்காடு வாங்கியது. மூன்றில் இரண்டு பங்கு இல்லை. ஆனாலும் செல்லும் என்று நீதிமன்றம் தீர்த்தது. எனவே வரி எந்த நோக்கத்துக்கு என்று கேட்பதோடு, கொண்டுவந்தது அரசா மக்களா என்றும் கேட்க வேண்டும்.

சான்டா கிளாரா கவுண்டியில் 2025 நவம்பர் 4 அன்று வாக்குக்கு வந்த மெஷர் ஏ நல்ல பாடம். ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட்டின் நிதியைக் கூட்டாட்சி அரசு வெட்டியதால் கவுண்டி மருத்துவமனைகள் தள்ளாடும் என்று சொல்லி, விற்பனை வரியை ஐந்தாண்டுக்கு 0.625 விழுக்காடு உயர்த்தக் கேட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 33 கோடி டாலர் வரும் என்பது மதிப்பீடு. பிரசாரம் முழுக்க மருத்துவமனையைப் பற்றி. சட்டப்படி அது பொது வரி. அதனால் சுமார் 57 விழுக்காடு பெற்று வென்றது. ‘மருத்துவமனைக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தால் இதே 57 விழுக்காட்டில் தோற்றிருக்கும். மறுபக்கமும் உண்டு: பொது வரி என்பதால், அந்தப் பணத்தை வேறு எதற்கும் செலவிடச் சட்டம் தடுக்காது. இனி சூப்பர்வைசர்களின் ஒவ்வொரு பட்ஜெட்டையும் கவனிப்பது வாக்காளர்களின் வேலை.

சொத்து வரியில் ஏறும் கடன் பத்திரமானால், கையேட்டில் ‘ஒவ்வொரு 1,00,000 டாலர் மதிப்பீட்டுக்கும் இவ்வளவு’ என்று போட்டிருப்பார்கள். தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் சேர்ந்த ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்துக்கு, 55 விழுக்காட்டு வழியில் வரும் ஒரு பத்திரத்தின் உச்ச வரம்பு 60 டாலர். உங்கள் வீட்டின் வரி மதிப்பீடு 15 லட்சம் டாலர் என்றால் ஆண்டுக்கு அதிகபட்சம் 900 டாலர். சந்தை விலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பயப்பட வேண்டாம். கவுண்டி அனுப்பும் மதிப்பீட்டுத் தாளில் உள்ள எண்ணை எடுங்கள்.

இந்த வாசலைத் தாழ்த்த 2024 நவம்பரில் ஒரு முயற்சி நடந்தது. குறைந்த விலை வீடுகளுக்கும் சாலை, நீர்க் குழாய்களுக்கும் உள்ளூர்க் கடன் பத்திரம் எடுக்க 55 விழுக்காடு போதும் என்றது ப்ரொபொசிஷன் 5. மக்கள் ஏற்கவில்லை.

படி 4: இரவு 8 மணிக்கு வரும் முதல் எண்ணை எப்படிப் பார்ப்பது?

வாக்குச்சாவடிகள் 8 மணிக்கு மூடும். அடுத்த சில நிமிடங்களிலேயே பெரிய எண் ஒன்று திரையில் வரும். அது அன்றைய வாக்கு இல்லை. முந்தைய வாரங்களில் தபாலில் வந்து, கையொப்பம் சரிபார்த்து, இயந்திரத்தில் ஏற்றி வைத்த வாக்குகள். சட்டம் இப்படி முன்கூட்டியே தயார் செய்து வைக்க அனுமதிக்கிறது, எண்ணை வெளியிட மட்டும் 8 மணி வரை தடை. அதன் பின் நள்ளிரவு வரை நேரில் போட்டவை வரும். தேர்தல் நாளில் பெட்டியில் போட்ட தபால் உறைகள் அடுத்தடுத்த நாள்களில். தேர்தல் நாளுக்குள் அஞ்சல் முத்திரை விழுந்து 7 நாளுக்குள் வந்து சேர்ந்தவற்றை 2024, 2025 தேர்தல்களில் ஏற்றார்கள். கடைசியில் அன்றே பதிவு செய்து வாக்களித்தவர்களும், தகுதியைச் சரிபார்த்த பின்பே எண்ணும் தற்காலிக வாக்குகளும்.

சீக்கிரம் அனுப்புபவர்களும் கடைசி நாளில் போடுபவர்களும் ஒரே மாதிரி மக்கள் இல்லை. சொந்த வீடு உள்ள, வயதில் மூத்தவர்கள் முந்தி அனுப்புவது வழக்கம். வாடகை வீட்டு இளைஞர்கள் பிந்துவார்கள். அதனால் எண் நகரும். 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் மேயர் ப்ரைமரியின் முதல் இரவில் ரிக் கரூசோ முன்னணியில் இருந்தார். எண்ணி முடித்தபோது கேரன் பாஸ் 7 புள்ளி மேலே. 2025 ஏப்ரல் 15 அன்று ஓக்லண்டில், திரும்ப அழைக்கப்பட்ட மேயருக்குப் பதிலாக ஒருவரைத் தேர்ந்தெடுக்க நடந்த சிறப்புத் தேர்தலில், முதல் இரவு லோரன் டெய்லர் முன்னே இருந்தார். வென்றவர் பார்பரா லீ.

இது தபால் வாக்கு யுகத்தின் புதுமை என்று நினைத்தால், மறுபடி 1911-க்குப் போங்கள். அதே அக்டோபர் 10 வாக்குச்சீட்டில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் ப்ரொபொசிஷன் 4-உம் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ அதை நிராகரித்தது. முதல் எண்களைக் கண்டு தோற்றுவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. பிறகு கிராமப்புறங்களின் வாக்குகள் மெல்ல வந்து சேர்ந்தன. 3,587 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. நாட்டிலேயே அந்த உரிமையைத் தந்த ஆறாவது மாநிலம் கலிபோர்னியா.

எண் இரவோடிரவாக மாறுவதைக் கண்டு ‘திருட்டு’ என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி பறக்கும். தயவுசெய்து அதை அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். எந்தக் கட்டு வாக்கு எந்த வரிசையில் எண்ணப்படுகிறது என்பது கவுண்டித் தளத்திலேயே இருக்கிறது. எண்ணும் இடத்துக்குப் போய்ப் பார்வையாளராக நிற்கவும் பொதுமக்களுக்கு உரிமை உண்டு.

படி 5: மீதமுள்ள வாக்கை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள்

மாநிலச் செயலாளரின் தளத்தில் ஒவ்வொரு கவுண்டியிலும் இன்னும் எண்ண வேண்டிய வாக்குகளின் அறிக்கை வரும். அதை எடுத்துக்கொண்டால் செய்தியாளர் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. எண்ணியது 1,00,000. ‘ஆம்’ 48,500, ‘இல்லை’ 51,500. மீதி 20,000. பாதிக்கு மேல் போதும் என்ற கேள்வி. 3,000 வாக்குப் பள்ளத்தை நிரப்ப, மீதியில் 11,500-க்கு மேல் ‘ஆம்’ வேண்டும், அதாவது 57.5 விழுக்காட்டுக்கு மேல். இப்போது நேற்றும் அதற்கு முந்தைய நாளும் சேர்ந்த வாக்குகளை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். அவை 59 விழுக்காடு ‘ஆம்’ என்றால் முடிவு புரளலாம். 54 என்றால் இடைவெளி குறையும், தோல்வி மாறாது. மொத்த விழுக்காட்டைப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது, கடைசிக் கட்டுகளைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய கேள்வியில் மலை இன்னும் செங்குத்து. 1,00,000-இல் ‘ஆம்’ 65,500, மீதி 20,000 என்றால், மொத்தத்தில் 80,000 வேண்டும். மீதியில் 14,500, அதாவது 72.5 விழுக்காடு. ஒன்றரைப் புள்ளிக்கும் குறைவான பள்ளம்தானே என்று தோன்றும், நடைமுறையில் ஏறக்குறைய முடியாத காரியம்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மீதமுள்ள வாக்கு கவுண்டி முழுவதற்குமான எண். உங்கள் நகர மெஷருக்கு அதில் ஒரு துண்டுதான் வரும். மேலும், வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள மெஷரைப் பலர் வெறுமையாக விட்டுவிடுவார்கள். விழுக்காடு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்களை மட்டும் வைத்துத்தான்.

2024 மார்ச்சில் மனநல சிகிச்சைக்காக 638 கோடி டாலர் கடன் பத்திரம் கேட்ட ப்ரொபொசிஷன் 1 கடைசியில் 50.2 விழுக்காட்டில் வென்றது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் முடிவு சொல்ல மார்ச் 20 ஆனது. அவர்கள் சொல்வதும் கணிப்புத்தான், சட்டப்படியான முடிவு வேறு.

படி 6: வேட்பாளர் போட்டிகளில் ‘முதலிடம்’ என்றால் வெற்றி இல்லை

சட்டமன்ற, காங்கிரஸ், ஆளுநர் தேர்தல்களில் 2010-இல் மக்கள் ஏற்ற ப்ரொபொசிஷன் 14-இன்படி முதல் இருவர் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும். ப்ரைமரியில் ஒருவர் 70 விழுக்காடு வாங்கினாலும் நவம்பர் போட்டி உண்டு. கவுண்டி சூப்பர்வைசர், ஷெரிஃப் போன்ற கட்சி சாராப் பதவிகளில் வேறு விதி: ப்ரைமரியிலேயே பாதிக்கு மேல் வாங்கினால் அதோடு முடிந்தது. பல பதவிகள் குறைந்த கூட்டம் வரும் ப்ரைமரியிலேயே தீர்ந்துவிடுகின்றன. நவம்பரில் வாக்களித்தால் போதும் என்று இருப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், பெர்க்லி, சான் லியாண்ட்ரோ நகரங்களில் விருப்ப வரிசை வாக்கு. கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். 2010-இல் ஓக்லண்ட் மேயர் போட்டியின் முதல் சுற்றில் டான் பெராட்டா சுமார் 34 விழுக்காடு, ஜீன் குவான் சுமார் 24. மாற்று வாக்குகள் சேர்ந்தபோது குவான் சுமார் 51 விழுக்காட்டோடு மேயரானார். இந்த நகரங்களில் முதல் சுற்று எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடாதீர்கள், சுற்று வாரியான அறிக்கை தனியாக இருக்கும்.

படி 7: உங்கள் வாக்கு எண்ணப்பட்டதா? சான்றளிப்பு எப்போது?

மாநிலத்தின் ‘வேர்ஸ் மை பாலட்’ சேவையில் பதிந்தால் உறை கிளம்பியதிலிருந்து எண்ணப்பட்டது வரை குறுஞ்செய்தி வரும். உறை மேல் உள்ள கையொப்பம் கோப்பில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் கவுண்டி கடிதம் அனுப்பும். நம்மவர்களுக்கு இது அடிக்கடி நேரக் காரணம் உண்டு: பாஸ்போர்ட்டில் தமிழில் கையெழுத்து, ஓட்டுநர் உரிமத்தில் ஆங்கிலத்தில், உறையில் அவசரக் கிறுக்கல். அந்தக் கடிதத்தை உடனே நிரப்பித் திருப்பி அனுப்பினால் வாக்கு பிழைக்கும். வீட்டில் அம்மா அப்பா குடியுரிமை பெற்றவர்கள் என்றால், அவர்களுடைய தபாலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தலுக்குப் பின் கவுண்டிகள் முழுச் சரிபார்ப்பு நடத்தும். குலுக்கலில் எடுத்த 1 விழுக்காடு வாக்கு வட்டங்களைக் கையால் எண்ணி இயந்திர எண்ணோடு ஒப்பிடுவது சட்டப்படி கட்டாயம். 2024 நவம்பர் தேர்தலுக்குக் கவுண்டிகள் சான்றளிக்கக் கடைசி நாள் டிசம்பர் 5, மாநிலச் செயலாளர் சான்றளிக்க டிசம்பர் 13. பெரும்பாலான வாக்குகளை 13-ஆம் நாளுக்குள் எண்ணச் சொல்லும் சட்டத்தை 2025-இல் இயற்றினார்கள். காத்திருப்பு குறைந்தால் வதந்தியும் குறையும் என்று நம்புகிறேன்.

மறு எண்ணிக்கை தானாக வராது என்பதே மாநிலத்தின் பொது விதி. எந்த வாக்காளரும் கேட்கலாம், ஆனால் நாளுக்கு நாள் பணம் கட்ட வேண்டும். முடிவு மாறினால் பணம் திரும்பும். சில கவுண்டிகள் தம் செலவிலேயே நெருக்கமான உள்ளூர்ப் போட்டிகளை மறுபடி எண்ணும் விதி வைத்திருக்கின்றன. மாநில அளவில் வித்தியாசம் 1,000 வாக்கு, 0.015 விழுக்காடு இவற்றில் எது குறைவோ அதற்குள் இருந்தால் ஆளுநர் அரசு செலவில் உத்தரவிடலாம்.

படி 8: வென்ற பிறகு என்ன ஆகும்?

மாநில ப்ரொபொசிஷன், வேறு தேதி எழுதப்படாவிட்டால், மாநிலச் செயலாளர் சான்றளித்த ஐந்தாம் நாள் நடைமுறைக்கு வரும். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வென்றால் அதிக வாக்கு பெற்றது நிற்கும்.

மக்கள் இயற்றிய சட்டத்தைச் சட்டமன்றம் தன் விருப்பப்படி திருத்த முடியாது, அந்தச் சட்டமே அனுமதித்தால் தவிர. 2014-இல் சிறு திருட்டு, போதைப்பொருள் குற்றங்களுக்குத் தண்டனையைக் குறைத்த ப்ரொபொசிஷன் 47-இன் ஒரு பகுதியைத் திருப்ப, 2024-இல் மறுபடி மக்களிடமே ப்ரொபொசிஷன் 36 வந்தது. சுமார் 68 விழுக்காட்டோடு வென்றது. ஒரு தவறான வரி நுழைந்துவிட்டால் அதை எடுக்கப் பத்தாண்டு ஆகலாம் என்பதால்தான் சட்ட வாசகத்தைப் படியுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

நீதிமன்றமும் உண்டு. 1994-இல் ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளியையும் மருத்துவத்தையும் மறுத்த ப்ரொபொசிஷன் 187 சுமார் 59 விழுக்காடு பெற்றும் கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. 2008-இல் ஒரே பாலினத் திருமணத்தைத் தடுத்த ப்ரொபொசிஷன் 8 சுமார் 52 விழுக்காட்டில் வென்றது, 2010-இல் செல்லாது என்று தீர்ப்பானது, 2013-இல் திருமணங்கள் மீண்டும் தொடங்கின. அரசியலமைப்பில் செத்துக் கிடந்த அந்த வரியை 2024-இல் ப்ரொபொசிஷன் 3 வழியாக மக்களே நீக்கினார்கள்.

பணத்தையும் பாருங்கள். 2020-இல் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதக் கூடாது என்ற ப்ரொபொசிஷன் 22-க்காக ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் போன்ற கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. சுமார் 59 விழுக்காட்டில் வென்றது, 2024-இல் மாநில உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. விளம்பரத்தின் அடியில் சிறு எழுத்தில் வரும் முதல் மூன்று நிதியாளர்களின் பெயரைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டால், அரை மணி நேர விவாதம் மிச்சமாகும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற முழுப் பட்டியல் மாநிலத்தின் ‘கால் ஆக்சஸ்’ தளத்தில் கிடைக்கும்.

படி 9: பிரிசிங்ட் வாரியான அறிக்கையைத் திறங்கள்

சான்றளிப்புக்குப் பிறகு ஒவ்வொரு கவுண்டியும் ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் வோட்’ என்ற ஆவணத்தை வெளியிடும். பிரிசிங்ட் என்பது வாக்கு வட்டம், உங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் சேர்ந்தது. உங்கள் வட்டத்தின் எண் வாக்குச்சீட்டிலோ கவுண்டித் தளத்திலோ இருக்கும். அதை வைத்துத் தேடினால், உங்கள் பகுதியில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், எத்தனை பேர் வாக்களித்தார்கள், பள்ளிப் பத்திரத்துக்கு என்ன சொன்னார்கள் என்று வரிசையாகத் தெரியும். தனி ஆள் எப்படி வாக்களித்தார் என்று யாருக்கும் தெரியாது. வட்டம் மிகச் சிறியதானால் இரகசியம் காக்கச் சில எண்களை மறைத்துவிடுவார்கள்.

பள்ளி வாரியக் கூட்டத்தில் பேசப் போகும் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை. ‘எங்கள் பகுதி இந்தப் பத்திரத்துக்கு இத்தனை விழுக்காடு ஆதரவு தந்தது, எங்கள் பள்ளியின் கூரை எப்போது மாறும்?’ என்று எண்ணோடு கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். 55 விழுக்காட்டு வழியில் வென்ற பத்திரம் என்றால் குடிமக்கள் மேற்பார்வைக் குழு அமைப்பது கட்டாயம். அந்தக் குழுவில் பெற்றோருக்கும் மூத்த குடிமக்கள் அமைப்பினருக்கும் வணிக அமைப்பினருக்கும் வரி செலுத்துவோர் சங்கத்தினருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இடம் காலியாக இருப்பதை மாவட்டத் தளத்தில் அறிவிப்பார்கள், விண்ணப்பம் பெரும்பாலும் இரண்டு பக்கம்தான்.